திங்கட்கிழமையும் ஓட வேண்டிய வண்டி

பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கிடைக்கும் என்றிருந்த காலத்தில், கல்கத்தாப் பக்கத்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து வந்த பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றில் ஒன்றை ஏற்றுக்கொள்வதைத் தவிர நடுத்தரக் குடும்பத்துக்கு வேறு மார்க்கமில்லாதிருந்த அந்நாட்களில், அவ்வாறு தவங்கிடந்து பெற்ற வண்டியைப் பிரித்துப் போட்டு, அதன் யந்திரத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, பின் ஆசனத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் சென்ற மனிதர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் ராஜாக்களும் அல்லர், ஆலை முதலாளிகளும் அல்லர். மாதாந்தர வருமானத்தில் குடும்பம் நடத்தியவர்கள். அந்த ஒரே வண்டியில்தான் மறுநாள் காலையில் தொழிலுக்கும் போக வேண்டியவர்கள். கோயமுத்தூரில் நூல் ஆலைகளுக்கு உதிரிச் சாமான்கள் வாங்கி விற்றுவந்த என் தாய்மாமன் அத்தகைய ஒருவர்.

அக்காலத்துப் பந்தயத் தடம் சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காக அமைக்கப்பட்டு, யுத்தம் முடிந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குப் பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் ஜனங்கள் வந்து குவிவார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்தது கோண்டல் மகாராஜாவைப் போன்றவர்கள் கடல் கடந்து தருவித்த பந்தய வண்டிகளைப் பார்ப்பதற்காக. பின்னாளில் என்சைன் என்ற ஃபார்முலா ஒன் வண்டியையே விஜய் மல்லையா அங்கு ஓட்டினார். அவற்றின் முழக்கமும் வேகமும் கண்கொள்ளாக் காட்சிதான்; மறுப்பதற்கில்லை. ஆயினும், மாமாவோடு தொற்றிக்கொண்டு போய் நின்ற சிறுவனாகிய என் கண்ணைப் பறித்தவை அவையல்ல. முன்விளக்குக் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுத்தாள் ஒட்டி, பம்பர்களும் சக்கர மூடிகளும் களைந்து, கதவில் சுண்ணாம்பு வெள்ளையில் இலக்கம் எழுதிக்கொண்டு வைக்கோற்கட்டுகளுக்கிடையே ஒருபுறம் சாய்ந்தபடி வளைந்து சென்ற பியட்டுகளும் ஹெரால்டுகளுமே என்னை மயக்கின. மகாராஜாவின் வண்டியை மறுபடி எங்கே பார்ப்பேன்? இந்தப் பியட்டுகளையோ, டவுன்ஹால் முன்பு கத்தரிக்காய்க் கூடை ஏற்றிக்கொண்டு நிற்கவே நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர் அவிநாசி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரையின் கீழ் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரி. ஆலைகளுக்கும் பம்பு செட்டுகளுக்கும் வார்ப்படமும் கடைசலும் செய்து செய்து கை பழகிய ஊர் கோயமுத்தூர் ஆதலால், ஒரு வால்வையோ பிஸ்டனையோ கையில் கொடுத்து, இது இன்னும் அரை மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்றால், ஏன் எதற்கு என்று வியக்காமல் செய்து கொடுக்கக்கூடிய தொழிலாளிகள் அங்கே தெருவுக்கு இருவர் இருந்தார்கள். எங்கள் மேஸ்திரி பஸ் கம்பெனிப் பட்டறையில் தொழில் கற்றவர். படிப்பு அதிகமில்லை, ஆனால் அளவுகோலை நம்பும் மனிதர். மாமா முதன்முதலில் தம் உத்தேசத்தைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“ஏனுங்க, ஞாயித்துக்கெழமை ஓட்டிப்போட்டுத் திங்கக்கெழமை எதுலீங்க போவீங்க?”

“இதுலதான் மேஸ்திரி. வேற எது இருக்குது?”

“அப்பத் திங்கக்கெழமைக்கு வேணுங்கறதை மொதல்ல எடுத்து வெச்சுப்போட்டு, மிச்சத்தை ஞாயித்துக்கெழமைக்குக் குடுக்கறனுங்க.”

வேடிக்கையாகத் தோன்றிய அந்தச் சொல்லில் சாதாரணக் கார்களைப் பந்தயத்துக்குச் சித்தப்படுத்தும் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதே, பிற்காலத்தில் நானும் அந்தப் பித்தில் விழுந்து பல பட்டறைகளைப் பார்த்தபின் நான் கொண்ட அபிப்பிராயம். பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டியைச் செய்வோருக்கு ஒரே எஜமானன். எங்களைப் போன்றோருக்கு இரண்டு எஜமானர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் இல்லை.

பியட் 1100-இன் யந்திரம் 68 மில்லிமீட்டர் துவாரமும் 75 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட நான்கு சிலிண்டர்களாலானது. மொத்தக் கொள்ளளவு 1089 சி.சி. அதாவது ஒரு சிலிண்டருக்கு 272 சி.சி.க்குச் சற்று மேல். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் எரியறையின் அளவு 40 சி.சி.யாக இருந்தால் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7.8, அதையே 34 ஆகக் குறைத்துவிட்டால் விகிதம் 9 ஆகிவிடும். அதே பெட்ரோல், அதே காற்று, ஆனால் இன்னும் இறுக்கிப் பிழியப்பட்டு எரிவதால் மேலும் சக்தி. இதற்கு உபாயம் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி எடுப்பது. பட்டறைகளில் ஹெட் பேசிங் என்பார்கள். சீவுவது எளிது, எவ்வளவு சீவுவது என்பதில்தான் விவேகம். அதிகம் சீவினால் யந்திரம் நாக்கிங் எடுக்கும். அதாவது பொறி எரியவைப்பதற்கு முன்னும் பின்னுமாகக் கலவை தானே வெடித்துப் பிஸ்டனை உடைக்கப் பார்க்கும். சென்னையில் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொண்டு பந்தயம் ஓடிவிடலாம். பொள்ளாச்சிக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்துப் பங்கில் 83 ஆக்டேன்தான் இருக்கிறது என்றால் திங்கட்கிழமை வியாபாரம் என்ன ஆவது? ஆகவே மேஸ்திரி 9 வரை போகவேயில்லை. எட்டரைக்குள்ளேயே நிறுத்திவிட்டார். மாமாவுக்கு அதில் சிறிது மனஸ்தாபம்தான்.

ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத ஒரு காரியம் உண்டு. நான்கு அறைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பார். வார்ப்படத்தில் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருப்பது சகஜம். அதனால் ஒரு சிலிண்டர் ஓங்கி அடிக்க, இன்னொன்று சோம்பி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறையை நான் பள்ளி இரசாயனக் கூடத்துக்கு வெளியே வேறெங்கும் கண்டதில்லை. ஹெட்டைக் கவிழ்த்து மேசையில் மட்டமாக வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவே துளையிட்ட தடித்த கண்ணாடித் துண்டால் மூடுவார். பிறகு பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அந்தத் துளை வழியே விடுவார். காற்றுக்குமிழி அகன்று எண்ணெய் கண்ணாடியைத் தொட்டதும் குழாயைத் திருகி அளவைப் படிப்பார். எழுதிக்கொள்வது என் வேலை. 36, 37, 36, 38 என்று வரும். எல்லாவற்றிலும் பெரிய அறை எதுவோ அதன் அளவுக்கு மற்ற மூன்றையும், சிறு கைக்கல்லைக் கொண்டு சுரண்டிச் சுரண்டிப் பெரிதாக்குவார். ஒரு மாலை முழுவதும் சுரண்டிவிட்டு மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் அரை சி.சி. கூடியிருக்கும். மண்ணெண்ணெய் வாசனையும், கடைசல் எண்ணெயின் வாசனையும், பக்கத்து டீக்கடை வடைச் சட்டியின் வாசனையும் கலந்த அந்த மாலைகளில் நான் கற்ற கணக்குக்குச் சமமாகப் பின்னர் கல்லூரியில் கற்கவில்லை என்று சொன்னால் என் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அதன்பின் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் கவனிக்கப்பட்டன. வார்ப்பில் நின்றுபோன மேடுகளை நீக்கி, மேனிபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படி கேஸ்கெட்டை அச்சாக வைத்துக் கோடு கீறித் தேய்த்தார். கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினார். அதிகாலையில் நடமாட்டமில்லாத அவிநாசி சாலையில் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே சாவியைத் திருகி யந்திரத்தை நிறுத்தி, கிளட்சை மிதித்தபடி ஓரங்கட்டி, சூட்டோடு பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்போம். பீங்கான் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி பிடித்திருந்தால் அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் மேஸ்திரி ஒன்றும் பேசாமல் பீடி பற்றவைப்பார்.

கேம்ஷாஃப்ட் விஷயத்தில்தான் இருவருக்கும் பெரிய விவாதம். சென்னையில் யாரோ ஒரு பந்தயக்காரர் கேமின் மூக்கைத் தேய்த்து மாற்றி, வால்வுகள் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும்படி செய்துவிட்டதாகவும், வண்டி பறக்கிறதாகவும் மாமா கேள்விப்பட்டு வந்தார். மேஸ்திரி சொன்ன சமாதானம் நியாயமானது. உள்வால்வும் வெளிவால்வும் ஒரே சமயத்தில் சிறிது நேரம் திறந்திருந்தால், மிகுந்த சுழற்சியில் வெளியேறும் புகையின் வேகமே புதுக் கலவையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது லாபம். ஆனால் மெதுவாகச் சுழலும்போது அந்த வேகம் இராது. எரிந்த புகை மீண்டும் உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கும். யந்திரம் குமுறும், அணையும். “ரயில்வே கேட்டுல பத்து நிமிசம் நிக்கோணுமுங்க, அங்க நின்னு போனா ஆரு தள்ளறது?” என்று கேட்டு அவர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைப்பதற்கும் இதே காரணம் சொல்லிக் கொஞ்சம் மட்டும் கடைந்தார்.

இவ்வளவு பாடுபட்டும் மாமா சோழவரத்தில் வென்றாரா என்றால், இல்லை. நடுவில் வருவார். ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய கியர்க் கம்பியை மாற்றுவதற்குள் முன்னால் போகிறவன் ஒரு வண்டி நீளம் போய்விடுவான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் ஆகையால், சில சுற்றுகளுக்குப் பின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறைய மனமின்றிக் குறையும். ஆனால் கொடி இறங்கியதும் பம்பர்களை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி, திங்கட்கிழமை காலையில் கோயமுத்தூர் வந்து, குளித்துவிட்டு, அதே வண்டியில் திருப்பூருக்குச் சாமான் எடுத்துப் போவார். வென்றவர்களில் சிலர் தங்கள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சோழவரத்தின் காலம் முடிந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதே கிளப் சொந்த நிலத்தில் அமைத்த தடம் 1990-இல் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வளைவுகளுடன் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அது, பந்தயத்துக்கென்றே போட்ட தடம். ஏறக்குறைய அதே காலத்தில் எங்கள் ஊர்க்காரரான கரிவரதன், மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் யந்திரத்தைப் பின்னால் வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளைச் செய்து, பெருஞ்செல்வமில்லாத இளைஞர்களும் பந்தயம் பழக வழி செய்தார். நரேன் கார்த்திகேயன் முதலானோர் அந்தச் சின்ன வண்டிகளில் பழகியவர்களே. 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தது கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு நேர்ந்த துக்கம். அன்று எங்கள் சந்தில் லேத்து ஓடவில்லை.

என் முறை தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தது. பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கினேன். 1298 சி.சி., 65 குதிரைசக்தி. நான்கு பேர் குடும்பத்துக்கு ஏற்ற, எவரும் திரும்பிப் பாராத வண்டி. பந்தயமில்லாத நாட்களில் கட்டணம் கட்டி அவரவர் வண்டியைத் தடத்தில் ஓட்டலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பரிசும் இல்லை, பத்திரிகையில் பெயரும் வராது. தன்னோடு தானே போட்டியிட்டுக்கொள்ளும் விளையாட்டு. வண்டியை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். பட்டறையை மகன் பார்த்துக்கொள்ள, அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார்ப்பரேட்டர், ஹெட், சைலன்சர் என்று நான் அடுக்கிக்கொண்டு போக, கடைசிவரை கேட்டுவிட்டு, “எஞ்சினைத் தொட வேண்டாம் தம்பி. பிரேக் ஆயில் மாத்திப்போட்டுப் போய்ட்டு வா. அப்பறம் பேசலாம்” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை முதல் தடவை தடத்தில் இறங்கியபோதே கண்டேன். சாலையில் நாம் பிரேக்கை உண்மையில் உபயோகிப்பதே இல்லை. தொட்டுத் தொட்டு விடுகிறோம். தடத்திலோ, நேர்வழியின் முடிவில் 140 கிலோமீட்டர் வேகத்தை 70 ஆகக் குறைக்க வேண்டும். ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி அந்தச் சில விநாடிகளில் கக்கும் உஷ்ணம், குழாய்த் தண்ணீர் இரண்டு லிட்டரைக் கிட்டத்தட்டக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு ஆவதால் வரும் வினை இது. அடுத்த வளைவில் மறுபடி, அதற்கடுத்ததில் மறுபடி. அந்த உஷ்ணம் டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறுகிறது. புதிய டாட் 3 ரக ஆயில் 205 டிகிரி வரையில் கொதிக்காது; டாட் 4 ரகம் 230 வரையில் தாங்கும். ஆனால் இந்தத் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. ஈரம் ஏற ஏற டாட் 3-இன் கொதிநிலை 140 டிகிரிக்கே இறங்கிவிடக்கூடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். கடற்காற்றிலே வளர்ந்த ஒரு சென்னை நண்பரின் வண்டி, வருஷக்கணக்கில் அந்த ஆயில் மாற்றப்படாமலே, நேர்வழியின் முடிவில் நிற்க மறுத்து, வளைவைத் தவிர்த்துவிட்டு எதிரே இருந்த புல்தரையில் நெடுந்தூரம் சென்று சேற்றில் நின்றது. அவருக்கு ஓர் அடியும் இல்லை. வண்டியை மறுபடி ஓரமாகக் கொண்டுவந்தபின் அவர் ஒரு மணி நேரம் யாருடனும் பேசவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து அவர் மாட்டியிருந்த சைலன்சர் மட்டும் கம்பீரமாகத்தான் ஒலித்தது.

இரண்டாவது பாடம் டயர்களுடையது. முன்சக்கரங்களே இழுத்து, அவையே திரும்பியும் கொடுக்க வேண்டிய வண்டிகளில், வளைவில் மூக்கு வெளிப்பக்கமாக நழுவும். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேரே போவதிலேயே வண்டிக்கு விருப்பம். டயரின் பக்கச்சுவரில் சாக்குக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டு சில சுற்றுகள் ஓடிவிட்டு வந்து பார்த்தால், எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்து தரையில் உரசியிருக்கிறது என்று தெரிந்துவிடும். காற்றை ஏற்றுவதும் இறக்குவதும் இதைப் பார்த்தே. ஓடி வந்ததும் உஷ்ணத்தால் அழுத்தம் நாலைந்து பவுண்டு ஏறியிருக்கும் ஆதலால், குளிர்ந்தபோது பிடித்த அளவை நம்பி இருந்துவிடக் கூடாது. மேஸ்திரியின் மகன் இன்னொரு வேலையும் செய்தான். சஸ்பென்ஷன் தூணைச் சக்கரத்தோடு பிணைக்கும் மேல்போல்ட்டின் துளையைச் சற்றே நீளமாக்கி, சக்கரத்தின் தலைப்பக்கம் உள்ளே சாயும்படி வைத்தான். நேராக நிற்கும்போது சாய்ந்திருக்கும் சக்கரம், வண்டி வளைவில் ஒருபுறம் படுக்கும்போது தரையில் தட்டையாகப் பதியும். ஓட்டத்தில் அதன் பயன் கைக்குத் தெரிந்தது. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் தினசரி ஓட்டத்தில் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே போல்ட்டின் பக்கத்தில் பெயிண்டால் இரண்டு கோடுகள் போட்டான்: ஒன்று தடத்துக்கு, ஒன்று சாலைக்கு. தகப்பனாரின் பிள்ளை என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

எடை குறைப்பது எல்லாவற்றிலும் மலிவான வித்தை. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் ஆசனம், மிதியடிகள், டிக்கியில் வருஷக்கணக்கில் சேர்ந்திருக்கும் அரிசிப் பைக் கோணி, ஒற்றைச் செருப்பு ஆகியவற்றை இறக்கினால் சுமார் அறுபது கிலோ குறையும். அந்த வண்டியின் எடைக்கு அது நாலரைக் குதிரைசக்தி கூடியதற்குச் சமானம். ஒரு பைசா செலவில்லை. செலவு வேறு விதத்தில் வந்தது. பின் ஆசனம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சுவரோரம் வைக்கப்பட்டு, வந்தவர்கள் அதில் உட்காரத் தொடங்கி, குழந்தைகள் அதில் படுத்துப் பாடம் படிக்கத் தொடங்கி, திங்கட்கிழமை காலையில் நான் அதைத் தூக்கிச் செல்ல வரும்போதெல்லாம் ஒரு வழக்கு நடக்கும். “பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்க நின்னுட்டா போவாங்க? இல்ல, இதை இங்கயே வெச்சுட்டு வேற ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்” என்று என் மனைவி சொன்னதில் பரிகாசம் பாதி, யோசனை பாதி.

இளைஞர்கள் செய்த சில காரியங்களை எனக்கு இன்றும் சகிக்க முடிவதில்லை. வண்டி தாழ்ந்து நின்றால் அழகென்று கருதி ஸ்பிரிங்கின் ஒரு சுருளை அறுத்து எறிந்துவிடுவார்கள். சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும் என்பதும், ஏறி இறங்க இடமில்லாமல் சின்னப் பள்ளத்திலேயே சக்கரம் ரப்பர்க் கட்டையில் போய் முட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. வளைவின் நடுவில் முட்டினால் பிடிப்பு சட்டென அறுந்து வண்டி தன்னிஷ்டம்போல் போகும். பின்னால் பலகை போல ஓர் இறக்கையை வைப்பார்கள்; எங்கள் வேகத்தில் அது துணி காயப் போடத்தான் உதவும். ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தடத்துக்குள் விடுமுன் நடக்கும் பரிசோதனையில் பரிசோதகர்கள் கேட்பதெல்லாம் மிகச் சிறிய விஷயங்கள். பாட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா, எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா, இழுப்பதற்குக் கொக்கி இருக்கிறதா, காலடியில் உருளும் பொருள் ஏதாவது உண்டா, ஹெல்மெட்டின் வார் உறுதியா. என்ஜின் ஆயில் அளவுக்குச்சியின் மேற்கோட்டைத் தொடுகிறதா என்பதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். நீண்ட வளைவில் ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்பு காற்றை உறிஞ்சி, பேரிங்குகள் சில விநாடிகளில் போய்விடும். சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று ஒரு கண் அங்கே இருக்கவேண்டும். மஞ்சள் கொடிக்கு வேகம் தணிக்கவும், நீலக்கொடிக்கு வழிவிடவும் பழகிக்கொண்டேன். வழிவிடுவதில் எனக்கு நிரம்ப அநுபவம் உண்டாயிற்று.

மாலையில் தடம் மூடப்பட்டதும், வியர்வையோடு குனிந்து இரண்டாவது பெயிண்ட் கோட்டுக்குச் சக்கரங்களைத் திருப்பி, காற்றைச் சாலை அளவுக்குப் பிடித்துக்கொண்டு, வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகக் கோயமுத்தூர் நோக்கிப் புறப்படுவேன். அந்த இரவுப் பிரயாணங்களில் அதே வண்டியை அறுபதில் ஓட்டிச் செல்லும்போது, பகலெல்லாம் உறுமிய யந்திரம் சாதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டு போவது எனக்கு மிகுந்த திருப்தியைக் கொடுத்தது. மேஸ்திரி காலமாகும்வரை, தடத்தில் எடுத்த நேரத்தை அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. “வர்றப்ப வண்டி எப்படித் தம்பி வந்துச்சு?” என்றுதான் கேட்பார்.

இப்போது எங்கள் ஊருக்கே செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் ஒரு தடம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. எனக்குக் கார் ஓட்ட டாக்டர் தடை சொல்லவில்லையாயினும் பிள்ளைகள் சொல்லியிருப்பதால், வேடிக்கை பார்க்க மட்டும் போகிறேன். அரமும் பியூரெட்டும் மறைந்துவிட்டன. கார்ப்பரேட்டரே இல்லாத இக்காலத்து வண்டிகளில், எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் பொறி என்பதை ஒரு கணிப்பெட்டி நிர்ணயிக்க, இளைஞர்கள் மடிக்கணினியைக் கம்பியால் அதனோடு பிணைத்து அந்தக் கணக்குகளைத் திருத்துகிறார்கள். கைகள் அழுக்காவதில்லை. எனக்கு முதலில் இதில் சிறிது அவநம்பிக்கை இருந்தது. ஒரு நாள், தன் தகப்பனாரின் டீசல் காரைக் கொண்டுவந்திருந்த ஒரு பையன், திரையில் இரண்டு கோப்புகளைக் காட்டினான். ஒன்று கம்பெனி கொடுத்த மூலக் கணக்கு. மற்றொன்று அவன் திருத்தியது. மாலையில் கிளம்புமுன் மூலக் கணக்கை மறுபடி ஏற்றிவிடுவானாம்; அதற்குச் சில நிமிஷங்கள் போதுமாம்; தகப்பனார் மறுநாள் அதே காரில் ஈரோட்டுக்கு மஞ்சள் மண்டிக்குப் போக வேண்டுமாம். மேஸ்திரி இருந்திருந்தால் இந்தப் பையனை நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

“ஒரு ரவுண்டு வர்றீங்களா தாத்தா? பக்கத்து சீட்டுல உக்காந்துக்குங்க” என்று அவன் உபசாரமாகக் கேட்டான்.

“பிரேக் ஆயில் எப்பக் கண்ணு மாத்துனது?” என்றேன்.

“நேத்து ராத்திரிங்க. டாட் 4.”

ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.